ஜெட் ஸ்கியும் தாழ்த்திய பிக்கப்பும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரள எல்லையோரத்திலிருந்து. களியக்காவிளை முதல் செங்கோட்டை வரை ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டிருக்கிறார்கள்: உயரம் குறைத்த பிக்கப்பில் டிரெய்லர் மாட்டி, ஜெட் ஸ்கி என்னும் தண்ணீர் ஸ்கூட்டரை இழுத்துப் போகலாமா? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம்.

பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் முன்னால் 3 இஞ்ச், பின்னால் 4 இஞ்ச் இறக்கி வைத்திருக்கிறார். மூன்று பேர் உட்காரும் ஜெட் ஸ்கியைப் பூவாறுக்குக் கொண்டுபோக வேண்டும். “டீசல் என்ஜின், யானையைக் கட்டினாலும் இழுக்கும்” என்கிறார் பட்டறைக்காரர். நம்பலாமா?
– களியக்காவிளை வாசகர்

இழுக்கும். ஆனால் இழுவை இங்கே பிரச்சினையே இல்லை, உயரம்தான் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மூன்று இருக்கை ஜெட் ஸ்கி ஏறக்குறைய 340 கிலோ. தொட்டியில் 50 லிட்டர் பெட்ரோல் இருந்தால் அது 37 கிலோ. லைஃப் ஜாக்கெட், கயிறு, நங்கூரம் எல்லாம் சேர்த்து 20 கிலோ. ஒற்றை ஜெட் ஸ்கி டிரெய்லர் 140 கிலோ என்று வைப்போம். மொத்தம் 537. பிக்கப்புக்கு இது பெரிய பாரமில்லை.

இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 54 கிலோ, வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டின் மேல், அதாவது பால் (ball) மேல், இறங்க வேண்டும். பால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லை, 1.2 மீட்டர் பின்னால் தள்ளி இருக்கிறது. வீல்பேஸ் 3.1 மீட்டர் என்றால் பின் ஆக்சிலில் கூடும் பாரம் 54 அல்ல, 75 கிலோ. முன் ஆக்சிலில் 21 கிலோ குறையும். தொழிற்சாலை உயரத்தில் இருக்கும் வண்டி இதைக் கண்டுகொள்ளாது. உங்கள் வண்டி கண்டுகொள்ளும். ஏனென்றால் 4 இஞ்ச் இறக்கியதில் ஆக்சிலுக்கும் சேசிஸில் இருக்கும் ரப்பர் பஃபருக்கும் நடுவில் இருந்த இடம் போய்விட்டது.

முதலில் அதை அளங்கள். வண்டி சமதரையில் காலியாக நிற்கும்போது பஃபருக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுப் பயணத்துக்கான ஆட்களையும் சாமானையும் ஏற்றி, டிரெய்லரையும் மாட்டி, மறுபடி அளங்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் பஃபர் இடிக்கும். இடிக்கிற நொடியில் ஸ்பிரிங் வேலை செய்யாது. அடி நேரே சேசிஸுக்குப் போகும், பின் டயர் துள்ளிப் பிடியை விடும், டிரெய்லர் பின்னாலிருந்து உதைக்கும்.

எப்படி இறக்கினார்கள் என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே இருந்த ஆக்சிலைப் பட்டைக்கு மேலே மாற்றியிருந்தால் பட்டையின் பலம் அப்படியே இருக்கும், மேலும் கீழும் அசையும் இடம்தான் குறைந்திருக்கும். அந்த இடத்தில் சேசிஸை அரைவட்டமாக வெட்டி இடம் கொடுத்திருக்கிறார்களா, வெட்டியதைச் சுற்றி இரும்புத் தகடு வைத்து வலுவாக்கியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். தகடு இல்லாத வெட்டின் மூலையிலும் வெல்டிங் முடியும் இடத்திலும்தான் முடி அளவு விரிசல் தொடங்கும். பெயின்ட் செதில் விட்டு துரு கோடாகத் தெரிந்தால் அந்த வண்டியில் டிரெய்லர் மாட்டாதீர்கள். பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றி எடுத்து இறக்கியிருந்தால் இன்னும் மோசம். பாரம் தாங்கும் சக்தியே போய்விட்டது. முன்னால் காயில் ஸ்பிரிங்கை வெட்டியிருந்தாலும் இதே பேச்சுத்தான்.

இனி பாலின் உயரம். டிரெய்லரைத் தனியாக நிறுத்தி, அதன் இரும்புச் சட்டம் தரைக்கு மட்டமாக இருக்கும்போது, பால் மேல் பூட்டும் கப்ளர் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று அளங்கள். 43 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் பால் 48-இல் இருந்திருக்கும். 10 இறக்கியதில் 38. பாரம் ஏறி 4 அமுங்கினால் 34. வித்தியாசம் 9 சென்டிமீட்டர். கீழ்நோக்கி 5 சென்டிமீட்டர் வளைந்த பால் மவுண்ட் மாட்டியிருந்தால் அதைத் தலைகீழாகத் திருப்பி, பாலை மறுபக்கம் போட்டு இறுக்கினால் 10 சென்டிமீட்டர் ஏறிவிடும். செலவு ஒன்றுமில்லை. பாலின் நட்டை மட்டும் டார்க் ரெஞ்சில், பாலோடு வந்த அளவுக்கு இறுக்குங்கள்.

டிரெய்லரின் மூக்கு, அதாவது கப்ளர் இருக்கும் முன்முனை, தாழ்ந்தால் அது வாலாட்டும் (இடமும் வலமும் ஆடும்) என்று பலர் சொல்கிறார்கள். தப்பு. மூக்கு தூக்கினால்தான் வாலாட்டும். தாழ்ந்த மூக்கு ஓட்டத்தில் சாதுவாகவே வரும். அது கழுத்தறுப்பது ஹம்ப்பில், அதாவது வேகத்தடையில். பின் சக்கரம் ஹம்ப்பைத் தாண்டி இறங்கும்போது பால் ஹம்ப்புக்கு நேர் மேலே நிற்கும். சாலை விதிப்படி போட்ட ஹம்ப் என்றாலே 10 சென்டிமீட்டர் உயரம். ஊர்க்காரர்கள் போட்டதற்கு அளவே கிடையாது. ஸ்பிரிங் ஒரு 6 அமுங்கும். ஆக 16 போய்விட்டது. கப்ளருக்குக் கீழே தொங்கும் ஜாக்கி, சங்கிலி மாட்டும் வளையம் இவைதான் முதலில் உரசும். ஜாக்கியைக் கிடையாக மடக்கி, அதன் பூட்டுப் பின்னை (pin) போட்ட பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

கடைசியாக அந்த 54 கிலோ. குளியலறைத் தராசு ஒன்றை மரக்கட்டை மேல் வைத்து, கப்ளர் வழக்கமான உயரத்தில் அதன்மேல் நிற்கும்படி செய்தால் நேரே எண் தெரியும். கூடினாலோ குறைந்தாலோ ஜெட் ஸ்கியின் முன்முனை முட்டி நிற்கும் டிரெய்லரின் முன்நிறுத்தியை நகர்த்துங்கள். பெட்ரோலும் சாமானும் சேர்த்து 400 கிலோ வரும் ஜெட் ஸ்கியை 10 சென்டிமீட்டர் முன்னே தள்ளினால், ஆக்சிலிலிருந்து கப்ளர் 3 மீட்டர் என்றால், மூக்கில் 13 கிலோ கூடும். தாழ்ந்த வண்டிக்காரர்கள் பின்பக்கம் அமுங்காமல் இருக்க ஜெட் ஸ்கியைப் பின்னுக்குத் தள்ளுவது உண்டு. அதுதான் வாலாட்டத்துக்குப் போடும் முதல் விதை. பாரத்தைக் குறைக்க வேண்டுமானால் பிக்கப்பின் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் கிடப்பதைக் குறையுங்கள். மூக்குப் பாரத்தில் கை வைக்காதீர்கள்.

வண்டியை இறக்கினால் கேரளத்தில் பிடிப்பார்கள், தமிழ்நாட்டில் பிடிக்க மாட்டார்கள் என்பது உண்மையா?
– பாறசாலை வாசகர்

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்ன வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆகவே சாலையில் ஓடும் வண்டியைப் பழைய உயரத்துக்கே திருப்பிவிடுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. மேலே களியக்காவிளைக்காரருக்கும் இதுவே. கழற்றிய பட்டை கிடைத்தால் ஒரு நாள் வேலை. பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள், ஒருமுறை இறுக்கி நீண்டது மறுபடி பிடிக்காது. தொழிற்சாலையிலேயே தாழ்வாக வரும் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே சொல்லும் அளவுகள் அத்தனையும் பொருந்தும்.

இன்னொன்று: சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு, தனி எண் பலகை வேண்டும். பட்டறையில் அடித்த டிரெய்லரை அப்படியே மாட்டிக்கொண்டு, எல்லைக்கு அப்பால் அமரவிளை தாண்டலாம் என்று நினைக்காதீர்கள். காயலில் இறங்கும் ஜெட் ஸ்கிக்கு 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் காப்பீடும் வேறு.

டிரெய்லரே வேண்டாம், தொட்டியிலேயே ஏற்றிவிட்டால்? வண்டி தாழ்வாகத்தானே இருக்கிறது, ஏற்றுவதும் சுலபம்.
– கொல்லங்கோடு வாசகர்

ஜெட் ஸ்கி 3.3 மீட்டர் நீளம். இரட்டைக் கேபின் பிக்கப்பின் தொட்டி அதில் பாதிகூட வராது. வெளியே நீட்டிக்கொண்டு போனால் 20,000 ரூபாய் அபராதம், இறக்கி வைக்கும் கூலியும் உங்கள் தலையில். வேண்டாம்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் அஷ்டமுடிக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் தாழ்ந்த வண்டிக்குத் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?
– செங்கோட்டை வாசகர்

புளியரை எஸ் வளைவு ஏறும்போது எதுவும் தெரியாது. கோட்டைவாசல் தாண்டி இறங்கத் தொடங்கியதும்தான் எல்லாம் தெரியும். இந்த அளவு டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. அரை டன்னையும் சேர்த்து நிறுத்துவது பிக்கப்பின் பிரேக்தான். ஆகவே இறங்கத் தொடங்கும் முன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கக் கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும்.

தாழ்த்திய வண்டிக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது, பட்டறைகளில் பலர் மறந்துவிடுவார்கள். நிறையப் பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பியோடு பிரேக் வால்வு ஒன்று இருக்கும். பாடி அமுங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டியை நிரந்தரமாக 4 இஞ்ச் இறக்கிவிட்டால் அந்த வால்வு, தொட்டி காலியாக இருக்கும்போதும் முழுப் பாரம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில், தென்மலைக்கு மேலே ஈரமான வளைவில் பிரேக் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, வண்டி மடக்குக் கத்திபோல் மடங்கும். உயரத்தை மாற்றிய அன்றே அந்தக் கம்பியின் நீளத்தைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவின்படி சரிசெய்ய வேண்டும். ஏபிஎஸ் வந்த புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு இல்லை. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சமதரையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு அடியிலிருந்து அதிர்வு வந்தால் அது பெரும்பாலும் டயர் பேலன்ஸ் அல்ல, என்ஜின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட். ஆக்சிலை மாற்றி வைத்ததில் அதன் கோணம் கெட்டிருக்கும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டும்.

வளைவுகளில் டிரெய்லர் உங்கள் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டி வரும். எதிரே லாரி வராத நேரம் பார்த்து வெளிப்பக்கம் அகலமாக எடுங்கள். டிரெய்லரின் 10 இஞ்ச் சக்கரம் பிக்கப்பின் சக்கரத்தைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வேகமாகச் சுற்றும், அதனால் பேரிங் சீக்கிரம் சூடேறும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க எப்படியும் நிறுத்துவீர்கள். அப்போதே டிரெய்லர் சக்கரங்களின் நடுவில் இருக்கும் இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அல்லது கிரீஸ் வறட்சி. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் சூடான பக்கம் உடனே கழற்ற வேண்டிய பக்கம். டயர் காற்று பிக்கப்புக்கு அடிக்கும் அளவல்ல. டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அளவு. அது பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும்.

டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். வேகம் கூட்டினால் நேராகும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய டிரெய்லரில் கப்ளர் 2 இஞ்ச் என்று அடித்திருக்கிறது. என் வண்டியில் பால் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. பூட்டு விழுந்துவிட்டது. பரவாயில்லையா?
– மார்த்தாண்டம் வாசகர்

பூட்டு விழுவது சாட்சியல்ல. 2 இஞ்ச் என்றால் 50.8 மில்லிமீட்டர். உங்களுடையது 50 மில்லிமீட்டர் பாலாக இருந்தால் கொஞ்சம் ஆடும், கப்ளரின் அடி நட்டைத் திருகி இறுக்கிக்கொள்ளலாம் என்று சிலர் ஓட்டுகிறார்கள். அதற்குப் பதில் சரியான பாலையே வாங்கிப் போடுங்கள். 1⅞ இஞ்ச் பாலாக இருந்தால் அது 47.6 மில்லிமீட்டர். பூட்டு விழும், ஊருக்குள் ஓடும், முதல் பெரிய ஹம்ப்பில் கழன்றுவிடும். பாலின் தலையில் அளவு அடித்திருக்கும், படித்துப் பாருங்கள். மாட்டிய பிறகு ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கைத் தூக்குங்கள்; பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டியிருக்கிறது என்று பொருள்.

சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டிலில் விழும். தாழ்ந்த வண்டியில் சங்கிலி சாலையில் இழுபடும். முறுக்கிக் குறைக்காதீர்கள், ஓரிரு கண்ணி தள்ளி மாட்டுங்கள். முழு வளைவு எடுக்கத் தேவையான நீளம் மட்டும் இருக்கட்டும்.

பின் ஸ்பிரிங்கோடு ஏர் பேக் (காற்றுப் பை) வைத்தால் பின்பக்கம் அமுங்காதே?
– வாளையார் வாசகர்

அமுங்காது. ஆனால் அது உயரத்தைத்தான் தரும், பாரம் தாங்கும் அளவைக் கூட்டாது. ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் பழையபடியே. டிரெய்லர் இல்லாத நாளில் காற்றை மொத்தமாகத் திறந்துவிட்டால் பை மடிந்து கிழியும். தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சம் எப்போதும் இருக்க வேண்டும். இதுவும் ஒரு மாற்றம்தான், பாறசாலைக்காரருக்குச் சொன்ன சட்டம் இதற்கும் உண்டு.

ஆற்று முகத்தில் படகு இறக்கும் சரிவில் வண்டியின் வயிறு தட்டுகிறது. எத்தனை சரிவு வரை தாங்கும்?
– தேங்காப்பட்டணம் வாசகர்

வீல்பேஸ் 3.1 மீட்டர், நடுவில் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் என்றால் சரிவின் உச்சியில் 11 பாகை வரை தட்டாமல் போகும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவு 7 பாகை, தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு ஒன்று என்றால் 11.3 பாகை. அங்கேதான் தட்டும். மழைக்குப் பிறகு சரிவின் தலையில் மண் அரித்துப் போயிருந்தால் காகிதக் கணக்கு உதவாது, இறங்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மேலே ஏறி வரும்போது வேறு ஆபத்து: முன்பக்கம் சரிவில், பின் சக்கரம் சரிவின் அடியில் நிற்கும்போது எட்டுக்கு ஒன்று சரிவிலேயே பால் இருக்கும் இடம் 15 சென்டிமீட்டர் தாழும்.

இதற்குத் தீர்வு வண்டியை உள்ளே இறக்காமல் இருப்பது. டிரெய்லரின் நடுக்கம்பியை ஒரு மீட்டர் நீட்டித்து வாங்கினால் பிக்கப்பின் பின் சக்கரம் நனையவே நனையாது, சைலன்சரில் தண்ணீர் ஏறாது. மூக்குப் பாரம் குறையும் என்பதால் மறுபடி தராசில் வைத்துப் பாருங்கள். டிரெய்லரின் மட்கார்டு மூழ்கும் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் ஜெட் ஸ்கி மிதந்து பக்கவாட்டில் ஓடிவிடும். இறக்கும் முன் ஜெட் ஸ்கியின் தண்ணீர் வடிக்கும் அடி மூடி இரண்டும் இறுகியிருக்கிறதா, பின் பெல்ட் அவிழ்த்தாயிற்றா, டிரெய்லர் விளக்கின் பிளக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள். முன் பெல்ட் மட்டும் தண்ணீரைத் தொடும்வரை இருக்கட்டும்.

வின்ச் பெல்ட் முன்னால் இறுக்கமாக இருக்கிறதே, பின்னால் வேறு கட்ட வேண்டுமா?
– குழித்துறை வாசகர்

கட்டாயம். வின்ச் ஏற்றுவதற்குத்தான், சாலையில் பிடித்து வைப்பதற்கல்ல. பின் இரண்டு வளையத்திலிருந்தும் டிரெய்லர் சட்டத்துக்குத் தனித்தனி ரேச்செட் பெல்ட், முன்னால் வின்ச்சோடு ஒரு சங்கிலி. ஜெட் ஸ்கியின் அடி, டிரெய்லரின் பலகை மேல் கடைசிவரை உட்கார வேண்டும்; ஜெட் பம்பின் கிரில்லும் அடித்தகடும் பலகையில் படக் கூடாது.

காயலில் இறக்கிய அன்று ராத்திரி வீட்டில் என்ன செய்ய வேண்டும்? ஹப்பில் தண்ணீர் புகுந்து கிரீஸ் பால்போல் ஆகிவிடுகிறது.
– நித்திரவிளை வாசகர்

சூடான ஹப்பைத் தண்ணீரில் இறக்கியதன் விளைவு அது. உள்ளே இருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கரைக்கு வந்ததும் பெல்ட் அவிழ்ப்பது, ஜாக்கெட் போடுவது என்று வேறு வேலைகளை முதலில் செய்யுங்கள். ஹப் குளிர்ந்த பிறகு இறக்குங்கள். பால்போல் ஆன கிரீஸின் மேல் புதுக் கிரீஸ் அடைத்துப் பயனில்லை; பேரிங்கைக் கழற்றி, டீசலில் கழுவி, காயவைத்து, தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸ் போட்டு, சீலைப் புதிதாக மாற்ற வேண்டும்.

வீட்டில் டிரெய்லர், பிக்கப்பின் அடிப்பாகம், பின் பட்டை, யூ போல்ட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பூவாறு, அஷ்டமுடி எல்லாம் உப்புத் தண்ணீர்தான். ஜெட் ஸ்கியில் ஹோஸ் மாட்டினால் வரிசை முக்கியம்: முதலில் என்ஜின், அப்புறம் குழாய். நிறுத்தும்போது முதலில் குழாய், அப்புறம் ஒன்றிரண்டு முறை ஆக்சிலரேட்டர் கொடுத்துத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு என்ஜின். மாற்றிச் செய்தால் ஓடாத என்ஜினுக்குள் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடும்.